தகவல் தொழில்நுட்ப வேலைவாய்ப்பு: நம் மாவட்டங்களுக்கு வரும் வளவாளர்களிடம் எதைக் கேட்க வேண்டும்?

வாவிக்கரையான் (களுவாஞ்சிகுடி)

அனைவருக்கும் வணக்கம். உயர்தரப் பெறுபேற்றுக்காகக் காத்திருப்போருக்கும், உயர்கல்வியில் முதலாம் ஆண்டில் இருப்போருக்குமாகத் தகவல் தொழில்நுட்பத் தொழில் வழிகாட்டல் உரைத்தொடர் ஒன்றை எங்கள் வாசிகசாலை ஒழுங்கு செய்யவிருக்கிறது. வளவாளர்களைத் தேடுவது கடினமன்று. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பிறந்து கொழும்பிலும் கடல் கடந்தும் இத்துறையில் பணியாற்றுவோர் அழைத்தால் மறுப்பதில்லை. அவர்கள் வந்து எதைப் பேச வேண்டும் என்பதில்தான் எனக்குக் கவலை.

இதுவரை நான் கேட்ட உரைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. வளவாளர் தாம் கடந்துவந்த பாதையைச் சொல்வார், துறையின் வளர்ச்சியைத் திரையில் காட்டுவார், ஆங்கிலத்தை விருத்தி செய்யுங்கள் என்பார், விடாமுயற்சியை வலியுறுத்துவார். பிறகு நினைவுச்சின்னம், குழுப்படம், தேநீர். பிள்ளைகள் மகிழ்ச்சியுடன்தான் வீடு திரும்புகிறார்கள். ஆனால் மென்பொருள் நிறுவனமொன்றில் புதிதாகச் சேர்ந்தவர் காலையில் கதிரையில் அமர்ந்ததும் என்ன செய்வார் என்று கேட்டால், அவர்களில் ஒருவருக்கும் பதில் தெரியாது. வைத்தியர், ஆசிரியர், கிராம சேவையாளர் ஆகியோர் என்ன செய்கிறார்கள் என்பதைச் சிறுவயதிலிருந்தே கண்ணால் கண்டு வளர்கிறோம். இந்தத் தொழிலை அருகிலிருந்து பார்த்தவர்கள் நம் ஊர்களில் மிகக் குறைவு. காணாத வேலையைப் பற்றிய ஊக்கப் பேச்சு ஆசையை வளர்க்குமே தவிர, தெளிவைத் தராது.

ஆகவே என் யோசனை இது: வளவாளர் தம் வரலாற்றைப் பத்து நிமிடங்களில் முடித்துக்கொண்டு, அண்மையில் தாம் செய்த ஒரு வேலையை, நிறுவன இரகசியங்களை நீக்கிவிட்டு, தொடக்கம் முதல் முடிவு வரை எங்கள் முன்னிலையில் செய்துகாட்ட வேண்டும். இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று துறையில் இருப்பவர்கள் கூறுங்கள்.

ஆரையூர் ஆசிரியர் (ஆரையம்பதி)

தம்பி, உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும் ஊக்கப் பேச்சை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. 2013 இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு அறிமுகமானபோது அதிலே மாணவர்களைச் சேர்ப்பதற்கு நாங்கள் பட்ட பாட்டை மறக்கவில்லை. கணிதத்துக்கும் உயிரியலுக்கும் போக முடியாத பிள்ளைகளுக்கான ஒதுக்கிடமாகவே பெற்றோர் அதைப் பார்த்தார்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து மேடையில் நின்று, இந்தப் படிப்புக்குப் பின்னால் மதிப்பான வாழ்க்கை உண்டு என்று சொன்ன பிறகுதான் சிலருடைய மனம் மாறியது.

நம் பகுதியில் வேலை என்றால் அரசாங்க உத்தியோகம் என்றே பொருள். 2017 இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலைகோரும் பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை எல்லோரும் அறிவோம். அந்தப் பட்டதாரிகளை நான் குறை கூற மாட்டேன். தனியார் துறையின் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாருமே காட்டவில்லை. நீங்கள் மாணவர்களுக்கு வேலையைச் செய்துகாட்டுங்கள், நல்லது. அதே நாளில் பெற்றோரையும் அழைத்து, அவர்களுக்கென்று தனியாக ஒருவர் பேச வேண்டும். எங்கே படிப்பது, எங்கே போவது என்ற இறுதி முடிவு பெரும்பாலும் அவர்களுடைய கையில்தான் இருக்கிறது.

நிந்தவூர் தரப்பரிசோதகி (இப்போது கொழும்பு)

சேர், பெற்றோரை அழைப்பது பற்றிய உங்கள் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். என் வாப்பாவைச் சம்மதிக்கச் செய்தது எந்த மேடைப் பேச்சும் அல்ல. அலுவலகத்திலே யார் யார் இருக்கிறார்கள், இரவு எத்தனை மணிக்கு வேலை முடியும், தங்குமிடத்திலிருந்து எப்படிப் போய் வருவது என்பவற்றை எங்கள் ஊர்ச் சகோதரி ஒருவர் வீட்டுக்கு வந்து விளக்கியதுதான்.

வேலையைச் செய்துகாட்டுவது நிச்சயமாக முடியும். நான் மென்பொருள் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். அதையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். காலையில் முதலில் பார்ப்பது, முந்தைய நாள் முடிந்ததாக அறிவிக்கப்பட்ட பணிகளின் பட்டியலை. ஒவ்வொரு பணிக்கும் ஒரு பதிவு இருக்கும்; பயனர் எதைச் செய்ய முடிய வேண்டும், எந்த நிபந்தனையில் எது நடக்கக் கூடாது என்று அதில் எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு, எங்கெல்லாம் பிழைக்கக்கூடும் என்று யோசித்துப் பரிசோதனைகளை எழுதுவோம். பின்னர் பதினைந்து நிமிடக் குழுக் கூட்டம்: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எது தடையாக இருக்கிறது என்று ஒவ்வொருவரும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது.

ஒரு வழுவை, அதாவது மென்பொருளில் உள்ள பிழையை, கண்டுபிடிப்பது பாதி வேலை. அதை இன்னொருவர் தம் கணினியில் மீண்டும் உண்டாக்கிப் பார்க்கும் அளவுக்குத் துல்லியமாக எழுதுவதே மீதிப் பாதி. எந்த உலாவி, எந்தப் பதிப்பு, எந்தப் பயனர் கணக்கு, எந்தப் படிமுறைகள், எதிர்பார்த்தது எது, நடந்தது எது என்பவற்றையெல்லாம் ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுத வேண்டும். இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ஆங்கிலத்தை விருத்தி செய்யுங்கள் என்று வளவாளர் பொதுவாகச் சொல்வதைக் கேட்டு, அவர்கள் பேச்சு ஆங்கில வகுப்புக்குப் போய் வாழ்த்துரை பழகுகிறார்கள். வேலைக்கு முதலில் வேண்டியது எழுத்து ஆங்கிலம். அதிலும் இலக்கியம் அல்ல, ஆறு வரியில் குழப்பமில்லாமல் ஒரு சிக்கலை விளக்கும் எழுத்து. தமிழில் தெளிவாக எழுதத் தெரிந்த பிள்ளை இதைச் சில மாதங்களில் பிடித்துக்கொள்வாள் என்பது என் அனுபவம். கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தாலும் மதிய உணவு மேசையில் சிங்களம்தான் ஓடும். அதையும் சிறிது கற்றுக்கொண்டு வந்தால் தனிமை குறையும். இதை எந்த வளவாளரும் சொல்லி நான் கேட்டதில்லை.

படுவான்கரை மாணவி

நான் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமா பயில்கிறேன். கருத்தரங்குகளுக்கு வருபவர்கள் எல்லோரும் பல்கலைக்கழகப் பட்டதாரிகளாகவே இருக்கிறார்கள். டிப்ளோமாக்காரர்களுக்கு நிறுவனங்களில் இடம் உண்டா, அல்லது பட்டம் முடிக்காமல் விண்ணப்பிப்பதே வீணா என்பதை யாராவது ஒளிவுமறைவின்றிச் சொல்வீர்களா?

வந்தாறுமூலைப் பழைய மாணவன் (மென்பொருள் பொறியியலாளர்)

தங்கச்சி, இடம் உண்டு. ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. பெரிய நிறுவனங்கள் சில, விண்ணப்பங்களைச் சலிக்கும் முதற்கட்டத்திலேயே பட்டத்தைக் கேட்கின்றன. நடுத்தர, சிறிய நிறுவனங்கள் செய்த வேலையைப் பார்க்கின்றன. உங்கள் பாடநெறியிலேயே தொழிற்பயிற்சிக் காலம் சேர்ந்திருப்பது பெரிய வாய்ப்பு. அதைக் கையெழுத்துக்காக ஊரிலுள்ள ஏதாவது ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்து கழித்துவிடாதீர்கள்.

பட்டத்துக்கான வழி அடைபட்டுவிடவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்ப இளமாணிப் பட்டம் 2000 ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. அதில் முதலாம் ஆண்டை முடித்தவர் டிப்ளோமாவுடனும் இரண்டாம் ஆண்டை முடித்தவர் உயர் டிப்ளோமாவுடனும் வெளியேறலாம் என்பதால், பணமோ நேரமோ முட்டினாலும் கையில் ஒன்று மிஞ்சும். திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது. தேசியத் தொழில் தகைமைச் சட்டகம் ஒன்று முதல் ஏழு வரையான மட்டங்களைக் கொண்டது. ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமமானது என்பதையும் பெற்றோருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். சாதாரண தரத்துடன் நின்ற பிள்ளைகூட நான்காம் மட்டச் சான்றிதழில் தொடங்கி மேலே ஏறலாம்.

இனி வாவிக்கரையானுடைய கேள்விக்கு வருகிறேன். நான் நேர்முகத் தேர்வுக் குழுக்களில் அமர்கிறேன். நம் மாகாண விண்ணப்பதாரர்களிடம் நான் காணும் குறை, நிரலாக்க மொழி தெரியாமை அல்ல. பிறர் எழுதிய நிரலை வாசித்துப் பழகாமை. பல்கலைக்கழகச் செயற்றிட்டத்தில் எல்லாவற்றையும் தாமே தொடக்கத்திலிருந்து எழுதுகிறார்கள். வேலையிலோ, பத்து வருடங்களாகப் பலர் எழுதிச் சேர்த்த இலட்சக்கணக்கான வரிகளுக்குள் போய் மூன்று வரியை மாற்ற வேண்டியிருக்கும். அந்த மூன்று வரியால் வேறெங்கும் எதுவும் முறியாது என்றும் காட்ட வேண்டும். நிரலில் யார் எதை எப்போது மாற்றினார் என்பதைப் பதிந்துவைக்கும் கிட் (Git) என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 இல் உருவாக்கியதே லினக்ஸ் இயங்குதளம் போன்று பெருங்கூட்டம் சேர்ந்து எழுதும் நிரலைச் சமாளிப்பதற்காகத்தான். அதை வீட்டு வேலையைப் பதிவேற்றும் பெட்டியாக மட்டும் பயன்படுத்திய மாணவருக்கு அதன் பயன் விளங்காது.

நிரலை எவரும் வாசித்து மாற்றக்கூடிய திறந்த மூலச் செயற்றிட்டங்கள் இதற்குச் சிறந்த பயிற்சிக்களம். புதியவர்களை அத்தகைய செயற்றிட்டங்களில் பங்களிக்க வைக்கும் கூகுள் கோடைக்கால நிரலாக்கத் திட்டம் 2005 இல் தொடங்கியது; அதன் முதல் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் நம் நாட்டின் மொறட்டுவைதான். அங்குள்ளவர்கள் தனிப்பிறவிகள் அல்லர். ஒரு தொகுதி மாணவர் சேர்ந்தார்கள், அடுத்த தொகுதிக்குக் கற்பித்தார்கள், அது வழக்கமாகிவிட்டது. 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களும் விண்ணப்பிக்கலாம். நம் பகுதியின் வந்தாறுமூலை, ஒலுவில், சம்மாந்துறைப் பல்கலைக்கழக வளாகங்களில் அப்படியொரு தொடர் உருவாகவில்லையென்றால், அதற்குத் திறமைக்குறைவு காரணமன்று. முன்னால் போனவர் திரும்பிப் பார்த்துக் கைகொடுக்காததுதான் காரணம். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

மருதமுனைத் தொலைப்பணியாளர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இங்கே இதுவரை எல்லோரும் கொழும்பையே பேசுகிறீர்கள். நான் ஊரிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு இணைய வழங்கிகளை (இணையத்தளங்கள் இயங்கும் கணினிகளை) பராமரிக்கிறேன். வளவாளர்கள் டொலரில் சம்பளம் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பின்னால் இருப்பதை எவரும் சொல்வதில்லை.

முதலாவது, பெரும்பாலான தொலைப்பணியாளர்கள் ஊழியர்கள் அல்லர், சுயாதீன ஒப்பந்தக்காரர்கள். உள்ளூர் நிறுவனத்தில் சேர்ந்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 சதவீதமும் நாம் 8 சதவீதமும் செலுத்துகிறோம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் 3 சதவீதம் செலுத்துகிறது. ஒப்பந்தக்காரருக்கு இவை எதுவும் கிடையாது. நோய் விடுமுறையும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான். வங்கியில் வீட்டுக்கடன் கேட்டுப் போனால் சம்பளச் சிட்டை எங்கே என்பார்கள்.

இரண்டாவது, வரி. வெளிநாட்டுக்கு வழங்கும் சேவைகளின் வருமானத்துக்கு முன்பிருந்த விலக்கு முடிந்து, 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து அதற்கு உச்சமாக 15 சதவீத வரி விதிக்கப்படுகிறது. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் தனிநபர் நிவாரணம் இருப்பதால், தொடக்கநிலையில் இருப்பவர் பலருக்கு வரி வராது. இருந்தாலும் வரி இலக்கம் எடுத்து, பணத்தை வங்கி மூலமாகவே கொண்டுவந்து, கணக்கு வைத்திருக்க வேண்டும். பிள்ளைகள் சிலர் வேறொருவருடைய கணக்குக்குப் பணத்தை வரவழைத்துவிட்டுப் பிறகு விளக்கம் சொல்ல முடியாமல் நிற்கிறார்கள்.

மூன்றாவது, முதல் வேலையையே தொலைப்பணியாக எடுப்பது நல்லதல்ல என்பது என் கருத்து. பக்கத்து மேசையில் இருப்பவர் ஒரு சிக்கலை எப்படி அவிழ்க்கிறார் என்பதைப் பார்த்துத்தான் நான் தொழிலைக் கற்றேன். அதைத் திரைவழியாகக் கற்பது மிகவும் மெதுவாகவே நடக்கும்.

நிந்தவூர் தரப்பரிசோதகி

சகோதரரின் முதல் இரண்டு விடயங்களுக்கும் நன்றி. அவை மட்டுமே தனியொரு அமர்வுக்குப் போதும். மூன்றாவதில் மாறுபடுகிறேன். முதல் வேலைக்கு வெளியூர் போங்கள் என்று ஆணுக்குச் சொல்வது எளிது. வீட்டிலிருந்தே வேலை செய்யச் சம்மதம் பெற்ற பெண்பிள்ளைக்குத் தொலைப்பணியே முதல் வேலையாகவும் ஒரே வேலையாகவும் அமையக்கூடும். அவளுக்கு நீங்கள் மெதுவாகக் கற்பாய் என்று சொல்லிவிட்டு நின்றால் போதாது. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ நான்கைந்து பேர் ஒரே கூரையின் கீழ் இருந்து வெவ்வேறு நிறுவனங்களுக்கு வேலை செய்தாலே, நீங்கள் சொல்லும் பக்கத்து மேசை கிடைத்துவிடும்.

மருதமுனைத் தொலைப்பணியாளர்

அதை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியொரு இடத்துக்கு மின்பிறப்பாக்கியும் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைய இணைப்பும் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லாதிருந்தபோது ஒப்பந்தத்தை இழந்தவர்களை நான் அறிவேன்.

ஒரு தந்தை (வாழைச்சேனை)

படித்தவர்கள் பேசும் இடத்தில் ஒரு கேள்வி. என் மகனுக்குக் கொழும்பில் பயிலுனர் இடம் கிடைத்திருக்கிறது. அவர்கள் தரும் கொடுப்பனவு தங்குமிட வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதாது, ஆறு மாதத்துக்கு வீட்டிலிருந்து நான் பணம் அனுப்ப வேண்டும். முடிவில் வேலை நிரந்தரமாகும் என்பதற்கு உறுதி எதுவும் தரவில்லை. இதை நம்பிக் கடன் வாங்கலாமா?

வந்தாறுமூலைப் பழைய மாணவன்

ஐயா, கடன் வாங்குவதற்கு முன் மகன் மூலம் அந்த நிறுவனத்திடம் சிலவற்றைக் கேட்டறியுங்கள். சென்ற முறை எத்தனை பயிலுனர்களை எடுத்தார்கள், அவர்களில் எத்தனை பேர் நிரந்தரமானார்கள்? மகனுக்கு வழிகாட்டியாக ஒருவரைப் பெயர் குறிப்பிட்டு நியமிப்பார்களா? வாரத்தில் சில நாட்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி உண்டா? பயிலுனரை மதிக்கும் நிறுவனம் இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் தரும். பதில் சொல்லத் தயங்கினால், அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். நிரந்தரமாகாவிட்டாலும், உண்மையான குழுவொன்றில் ஆறு மாதம் வேலை செய்த பிள்ளைக்கு அடுத்த கதவு திறப்பது எளிது. தேநீர் வாங்கிவரவும் தரவு பதியவும் விட்ட இடத்தில் ஆறு மாதம் கழித்தால் எதுவும் மிஞ்சாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பிறகு, முன்பு பயிலுனருக்குக் கொடுத்த சிறு வேலைகளில் ஒரு பகுதியை மூத்தவர்களே செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முடித்துவிடுகிறார்கள். இதனால் தொழில் அழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கருவி எழுதித் தந்ததைச் சரியா பிழையா என்று பார்க்கத் தெரிந்தவருக்குத் தேவை கூடியிருக்கிறது. அந்தக் கண் நிரலை வாசித்து வாசித்துத்தான் வரும். விடையைக் கருவியிடம் வாங்கி அப்படியே ஒட்டிய பிள்ளையிடம், இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது என்று நேர்முகத் தேர்வில் ஒரு கேள்வி கேட்டாலே உண்மை வெளிவந்துவிடும்.

ஆரையூர் ஆசிரியர்

எல்லோரும் நிரலாக்கத்தையும் பரிசோதனையையும் பற்றிப் பேசிவிட்டீர்கள். எனக்கு இன்னொரு பக்கமும் தெரிகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நம் இரண்டு மாவட்டங்களின் கரையையும் அள்ளிக்கொண்டு போன பிறகு, காணாமற்போனவர் யார், எந்த முகாமில் எந்தக் குடும்பம், எந்த நிவாரணம் எங்கே போனது என்று ஒழுங்காக அறிய வழியில்லாமல் தவித்தோம். ஒரே பெயர் மூன்று பட்டியல்களில் மூன்று விதமாக இருந்தது. அப்போது இந்நாட்டு மென்பொருளாளர்கள் தொண்டாக எழுதிய சஹானா என்ற பேரிடர் முகாமைத்துவ மென்பொருள், 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் பயன்பட்டது. அந்த மென்பொருளுக்குத் தேவையான அறிவில் பாதி, முகாம்களில் பதிவேடு எழுதியவர்களிடம் இருந்தது.

சிக்கலைச் சிக்கலுக்குள் இருப்பவரிடம் கேட்டறிந்து, நிரலாளருக்கு விளங்கும்படி எழுதித் தருவதும் இத்துறையில் ஒரு தனித் தொழில் என்று அறிகிறேன். நெல் கொள்வனவு, மீன்பிடிப் படகுகளின் எரிபொருள், கிராமிய வைத்தியசாலைகளின் மருந்து இருப்பு ஆகியவற்றை அறிந்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். அந்தத் தொழிலைச் செய்பவர் ஒருவரையும் அழைக்க வேண்டும்.

நிந்தவூர் தரப்பரிசோதகி

சேர், அவர்களை வணிகப் பகுப்பாய்வாளர் என்போம். என் குழுவில் இருப்பவரை நான் கேட்டுப் பார்க்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் இருந்து நானே விளக்கிவிடுகிறேன்.

வாவிக்கரையான்

அனைவருக்கும் நன்றி. உங்கள் கருத்துகளைக் கொண்டு எங்கள் நிர்வாகக் குழுவில் பேசி முடிவு செய்தவற்றை எழுதுகிறேன்.

முதலாவது அமர்வு தரப் பரிசோதனை பற்றியது. நிந்தவூர்ச் சகோதரி நடத்த இசைந்திருக்கிறார். பயிற்சிக்காக எங்கள் வாசிகசாலையின் நூல் இரவல் பதிவேட்டை ஒத்த சிறிய இணையச் செயலி ஒன்றை வந்தாறுமூலை நண்பர் எழுதித் தருவார். வேண்டுமென்றே அதில் வழுக்களை விட்டுவைக்குமாறு கேட்டிருக்கிறேன். ஒரே நூலை இருவர் ஒரே நேரத்தில் இரவல் பெறுவது, பெற்ற திகதிக்கு முந்தைய திகதியில் திருப்பிக் கொடுப்பது, பெப்ரவரி 29 இல் தவணை முடிவது, தமிழ்ப் பெயரை அகரவரிசையில் தேடுவது ஆகியவற்றில் எவை முறிகின்றன என்பதைப் பிள்ளைகளே தேடட்டும். மண்டபத்தின் மறுபக்கத்தில் அதே நேரத்தில் பெற்றோருக்கான அமர்வு நடக்கும்; கல்விப் பாதைகள், தங்குமிடம், பயிலுனர் கொடுப்பனவு ஆகியவற்றை அங்கே பேசுவோம். மருதமுனை நண்பர் இரண்டாவது அமர்வில் ஒப்பந்தம், வரி, சேமலாப நிதி பற்றி விளக்குவார். மூன்றாவது, பிறர் எழுதிய நிரலை வாசிப்பது. பகுப்பாய்வாளரின் வருகை உறுதியானதும் நான்காவதை அறிவிக்கிறேன்.

வளவாளர் ஒவ்வொருவரும் அமர்வின் பின்னர் மூன்று மாணவர்களையாவது ஆறு மாதங்களுக்குத் தொடர்ந்து வழிநடத்த இசைந்தால் மட்டுமே அழைப்பிதழ் அனுப்புவது என்றும் தீர்மானித்தோம். இதனால் சிலர் வராமல் போகலாம், போகட்டும்.

படுவான்கரை மாணவி

என்னிடம் மடிக்கணினி இல்லை, கைபேசிதான் இருக்கிறது. நிறுவனத்தின் கணினி ஆய்வுகூடத்தை மாலை நான்கு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். வழு அறிக்கையைக் கைபேசியில் எழுதி அனுப்பினால் ஏற்றுக்கொள்வீர்களா?

நிந்தவூர் தரப்பரிசோதகி

தாராளமாக ஏற்றுக்கொள்வேன், தங்கச்சி. கைபேசியில் மட்டும் தோன்றும் வழுக்களை மடிக்கணினிக்காரர்கள் காணமாட்டார்கள்; அவற்றை நீங்கள்தான் பிடித்துத் தர வேண்டும். கைபேசியின் மாதிரி, ஆண்ட்ராய்டு பதிப்பு, உலாவியின் பெயர் ஆகிய மூன்றையும் அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

வாவிக்கரையான்

வாசிகசாலையில் இரண்டு மேசைக்கணினிகள் இருக்கின்றன. சனி, ஞாயிறுகளில் மாலை ஆறு மணி வரை திறந்திருக்கும். தேவைப்படுவோர் இங்கேயே பெயரைப் பதிந்துகொள்ளுங்கள், நேரம் ஒதுக்கித் தருகிறேன்.